மூன்றில் ஒரு பங்கு

ஜனவரி 8, 2025

உறைபனி. விடிந்து கதவைத் திறந்தால் காடெல்லாம் உப்பைக் கொட்டினது போல வெள்ளை. கீழ்ப்பாத்தி பீன்ஸ் முழுக்கக் கருகிவிட்டது. பூண்டுக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் ஜெயமுருகன் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு நேற்றே கூக்காலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார். ஜீப் திருமலைச்சாமி அண்ணனுடையது. இவர் ஓட்டுகிறார், நடைக்கு இவ்வளவு என்று கூலி.

கருகின செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வரப்பில் வந்து நின்றாள். செடியை அவள் பார்க்கவில்லை.

"ஏத்தா, கோகுலு பொங்கலுக்கு வர்றானாம். வீட்டுக்கு ஒரு தடவ சுண்ணாம்பு அடிச்சுருவமா?"

யார் அடிப்பது? நான்தான். அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அதிலிருந்து அவள் வீட்டுக்குத் தண்ணீர், விறகு, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் நான்தான். போன வாரம் என் வீட்டுத் தகரம் காற்றில் பிய்ந்து கிடந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா?

ஜனவரி 12

அடித்தாயிற்று. கையெல்லாம் வெடிப்பு.

ஜனவரி 15

தம்பி வந்தான். பெரிய வெள்ளைக் கார். கூடவே அவன் பெண்டாட்டி சுகன்யா, சின்னக் குழந்தை. சுண்ணாம்பு அடித்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். பிறகு ஏரிக்கு மேலே புதிதாகக் கட்டியிருக்கிற காட்டேஜுக்குப் போய்விட்டார்கள். "பாப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காதும்மா, அங்க ஹீட்டர் இருக்கு" என்றான். அம்மா தலையாட்டினாள். இந்தக் குளிரில்தான் அவனும் வளர்ந்தான்.

சுகன்யா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கல்யாணத்தன்று கழுத்து கொள்ளாமல் போட்டிருந்தாள். மெட்ராசில் இப்போது அதுதான் நாகரிகம் போலிருக்கிறது. இருக்கிறவர்கள் போடாமல் இருந்தால் நாகரிகம். நாங்கள் போடாமல் இருந்தால் வேறு பேர்.

சாயங்காலம் கோகுல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் பூண்டுக் காட்டைச் சுற்றிக் காட்டினான். மதுரைக்காரராம், ஃப்ரெண்டாம். அவர் பூண்டைப் பார்க்கவில்லை. ஏரி தெரிகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புக் காலோடு பாத்திக்குள் இறங்கி நின்று போட்டோ எடுத்தார்.

ஜனவரி 16

போகும்போது என் மகள் வேல்விழி கையில் ஐந்நூறு ரூபாய் வைத்து, "நல்லாப் படி, காலேஜுக்கு மாமா பாத்துக்கறேன்" என்றான். அவன் காலேஜுக்கு யார் பார்த்துக்கொண்டது? அப்பா விற்ற ரோட்டோரத்து மேல்காடு பார்த்துக்கொண்டது. பிளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் டிரெய்னிங் அப்ளிகேஷனை வாங்கிவந்து வைத்திருந்த நான் பார்த்துக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் முடியாதுத்தா" என்றார் அப்பா. அன்றைக்கு நான் அழவில்லை. இப்போது நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

பிப்ரவரி 11

எழுத முடியவில்லை.

காலையில் இவர் வேலி போயிருக்கிறதா என்று பார்க்கப் போனார். கேரட் பாத்திக்குள் காட்டுமாடு நின்றிருக்கிறது, ஒற்றை மாடு. பனி மூட்டத்தில் தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் கிடந்தார். வலது தொடை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மாடு அங்கேயே நின்று மேய்ந்துகொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

திருமலைச்சாமி அண்ணன் ஜீப்பில்தான் ஏற்றினோம். கொடைக்கானல். அங்கிருந்து ஆம்புலன்சில் தேனி பெரியாஸ்பத்திரி. அத்தனை வளைவுக்கும் அவர் கத்தின கத்தல்.

பிப்ரவரி 15, தேனி

தொடையில் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாது. அதற்குப் பிறகும் சந்தேகம்தான். இது கிளட்ச் மிதிக்கிற கால் இல்லை, பிரேக் மிதிக்கிற கால். ஜீப் ஓட்ட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல நடக்கட்டும்மா" என்றார்.

கோகுலுக்குப் போன் செய்து கடன் கேட்டேன். "ஐயோ அக்கா, கவலப்படாத. நான் ஜிபே பண்றேன்" என்றான்.

பிப்ரவரி 22, தேனி

வரவில்லை.

இங்கே வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை. ஆனாலும் காசு போய்க்கொண்டேதான் இருக்கிறது. எனக்குச் சோறு, பஸ், வெந்நீர், தள்ளுவண்டிக்காரனுக்கு டீ. கம்மலை வைத்தாயிற்று. கறவை மாட்டை வேல்விழியே பேசி விற்றுவிட்டாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. திருமலைச்சாமி அண்ணன் வேறு டிரைவரை வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஜீப் நின்றால் அவருக்கு வட்டி.

ஒரு காட்டுமாடு ஒரு தடவை தலையை ஆட்டினது. இருபது வருடம் இரண்டு பேரும் சேர்ந்து மெனக்கெட்டு நின்ற இடத்திலிருந்து பத்து நாளில் கீழே வந்துவிட்டோம். இவ்வளவுதானா நாங்கள் நின்றிருந்த உயரம்?

மார்ச் 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலில் கிடக்கிறார், முகம் சுவர்ப்பக்கம்.

அம்மா ஆரஞ்சு வாங்கிவந்தாள். மருமகனை நலம் விசாரித்தாள். போகும்போது வாசலில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி வர்றான். நெலத்துச் சோலியா. நீ ஒரு கையெழுத்துப் போடணும், அம்புட்டுத்தான்" என்றாள்.

"என்ன கையெழுத்து?"

"அவன் வந்து சொல்லுவான்."

மார்ச் 9

வந்தான். இந்த முறை கார் இல்லை, பஸ்ஸில். சர்வீசுக்கு விட்டிருக்கிறானாம்.

விஷயம் இதுதான். அப்பா பேரில் மிச்சமிருப்பது இந்த ஏரியோரக் காடு மட்டும். அப்பா சம்பாதித்தது, உயில் கிடையாது. அம்மா, நான், அவன், மூன்று பேருக்கும் சம பங்கு. மதுரைக்காரர் மொத்தமாக வாங்கிக் காட்டேஜ் கட்டப் போகிறார். நானும் அம்மாவும் எங்கள் பங்கை அவனுக்கு விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவன் விற்றுவிடுவான்.

"உனக்குத் தராம இருப்பேனாக்கா? மாமா ட்ரீட்மெண்ட்டுக்கு ஒரு அமவுண்ட் தந்துர்றேன். வேல்விழி காலேஜ் நம்ம செலவு."

"என் பங்கு எவ்வளவு வருதோ அத எம் பேருக்கு எழுது. எதுக்கு விடுதலை?"

"ஒரே பேர்ல இருந்தா வாங்குறவருக்கு ஈஸி. இதெல்லாம் ஃபார்மாலிட்டிக்கா."

"நாங்க எங்க வெள்ளாம பண்றது?"

அவன் ஏரியைப் பார்த்தான். "எத்தன நாளைக்குக்கா இந்த மண்ணக் கிண்டிக்கிட்டு? மாமாவும் இப்பிடி ஆயிட்டாரு."

இந்த மண்ணைக் கிண்டித்தான்டா உன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினோம்! சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? பதினெட்டு வயதிலிருந்து இந்தக் காட்டில் நிற்கிறேன். அப்பா இருந்தபோது விளைச்சலில் பாதி அவருக்கு, இப்போது அம்மாவுக்கு. சொந்த அப்பன் நிலத்தில் வாரக்காரி நான். ஒரு நாள் வந்து ஏரியைப் பார்த்துவிட்டுப் போகிறவன் சொந்தக்காரன்.

மார்ச் 10

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அம்மா என் வீட்டு வாசலில் நின்று மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கூடப் பொறந்தவன் கேட்டு யோசிக்கிறவள இப்பத்தான் பாக்குறேன்."

மார்ச் 13

இவரும் சொல்கிறார், போட்டுவிடு என்று.

"நான் இனி ஓட்டவா போறேன்? வர்றத வாங்கிப் புள்ளையப் படிக்க வைப்போம், அன்னக்கொடி."

"வரும்னு யாரு சொன்னா? தேனியில கெடந்தப்போ வந்துச்சா?"

"உங்க குடும்பத்துச் சண்டையில என் காலக் காரணம் காட்டாத."

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி டங்கென்று வைத்தேன், ரசம் பூராவும் சிந்திவிட்டது. உங்க குடும்பமாம்! நான் எந்தக் குடும்பம்? அங்கே கேட்டால் கட்டிக் கொடுத்துவிட்டோம், நீ அந்தக் குடும்பம் என்கிறார்கள். இங்கே கேட்டால் உங்க குடும்பம். வேலைக்கு மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் நான் வேண்டும்.

பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மூத்திரச் சட்டி எடுக்க வைக்கிறனே உன்னைய, எனக்குக் கேவலமா இருக்குடி" என்றார். கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அது இவர் மேல் இல்லை.

மார்ச் 18

பூண்டு பறிப்பு. நடுப்பகலில் போன் வந்தது, தெரியாத நம்பர். எடுத்தால் சுகன்யா. இத்தனை வருடத்தில் அவளாக எனக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. பாத்ரூமில் நின்று பேசுகிற மாதிரி குரல் எதிரொலித்தது.

"அண்ணி, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. சொல்லு."

"கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க அண்ணி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். கோகுலுக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. ஆபீசில் ஒரே நாளில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் தினமும் லேப்டாப் பையோடு கிளம்பிப் போயிருக்கிறான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று போனிலேயே ஷேர் வியாபாரம், அதில் கையிலிருந்தது எல்லாம் போனது. பிறகு அவள் நகை. பிறகு அவளுடைய அப்பா, ரிட்டயர்டு வாத்தியார், அவருடைய பணம். ஃபிளாட்டுக்குத் தவணை கட்டாததால் பேங்கில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பொங்கலுக்கு வந்த கார் வாடகைக் கார்.

"நெலத்த வித்தாலும் கடன அடைக்க மாட்டாரு அண்ணி. அந்தப் போன்லதான் போடுவாரு. எனக்குத் தெரியும். என் தாலிய வித்தன்னிக்கும் இதேதான் சொன்னாரு, ஃபார்மாலிட்டின்னு."

கடைசியில், "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

மஞ்சள் கயிற்றைப் பார்த்து நாகரிகம் என்று நினைத்தேனே.

பாத்தியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் அவன் மேலே, நான் கீழே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நின்றதும் மேடு இல்லை, சாரம். கட்டடத்துக்குக் கட்டுவார்களே மூங்கில் சாரம், அது. மேல்காட்டை உருவிக் கட்டினது. அவன் விழுந்த சத்தம் எட்டு மாதமாக யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் விழுந்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

பாவமாக இருக்கிறதா? இருக்கிறது. அதனால் இன்னும் எரிகிறது.

மார்ச் 19

அம்மாவிடம் கேட்டேன். சுகன்யா பேரை எடுக்கவில்லை. "கோகுலுக்கு வேல இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாதவள் 'ஐயோ என்னாச்சு' என்றல்லவா கேட்பாள்?

"எப்பருந்து தெரியும்?"

"ஆடியில வந்துட்டு அழுதான். ஆம்பளப் புள்ள, நாலு பேருக்கு முன்னாடி தலையக் குனியக் கூடாதுன்னு யாருட்டயும் சொல்லல."

ஆடியில்! என் வீட்டுக்காரர் தேனியில் கிடக்க, நான் அவனிடம் கடன் கேட்டு நின்றபோது, அவனிடம் இல்லை என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் தலை குனியக்கூடாது என்பதற்காக என்னைக் காத்துக் கிடக்க வைத்தாள்.

"எங்கிட்ட இருக்கறதும் போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு நெனச்சியா? ஒரு தடவயாச்சும் நெனச்சியா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீ விழுந்தாலும் எந்திரிச்சுக்குவ, கொடி. அவன் விழுந்தா எந்திரிக்க மாட்டான்."

எழுந்துகொள்கிறவளுக்கு ஒன்றும் தர வேண்டாம். அதுதானே? சின்னதிலிருந்து விழுந்து விழுந்து எழுந்ததற்கு இதுதான் பரிசு. ஒரு தடவை எழுந்திருக்காமல் கிடந்திருக்க வேண்டும்.

மார்ச் 22

கோகுல் போன். நல்ல பிள்ளை மாதிரிப் பேசினான். "சரிக்கா, மூணு பங்காவே போட்டுருவோம். உன் பேர்ல தனியா. திங்கக்கிழம கொடைக்கானலுக்கு வந்துரு."

நிஜமாகவா? கூடப் பிறந்தவன். சின்னதில் என் முதுகில் தூங்கினவன். போகிறேன்.

மார்ச் 24

கொடைக்கானல். பத்திரம் எழுதுகிற கடை, உள்ளே நாலு பேர் உட்காரவே இடம் போதாது. அம்மா புதுச்சேலை. மதுரைக்காரர் வெளியே காரில். பத்திரம் டைப் செய்து தயாராக இருந்தது.

"இங்க, இங்க, இங்க போடுங்கம்மா" என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

"படிச்சுட்டுப் போடுறேன்."

"எல்லாம் சார் சொன்னபடிதாம்மா. டோக்கன் நேரம் ஆவுது."

"படிச்சுட்டுப் போடுறேங்க."

படித்தேன். முதல் பக்கம் அப்பா பேர், சர்வே எண். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: எனது பாகத்தை எவ்விதப் பிரதிபலனும் பெறாமல், யாதொரு தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக, எனது சகோதரருக்கு விட்டுக்கொடுத்து...

மனப்பூர்வமாக. என் மனதுக்குள் வந்து பார்த்தவன் எவன்? திரும்பத் திரும்ப அந்த ஒரு வார்த்தையையே படித்தேன். கோகுல் போனை நோண்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அப்போது அவன் கையைப் பார்த்தேன், நகமெல்லாம் சதை தெரியக் கடித்து வைத்திருக்கிறான். ஒரு விநாடி போட்டுவிடலாமா என்றுகூட வந்தது. நிஜமாகவே வந்தது.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "இதுல மூணு பங்குன்னு இல்லையேடா."

"அக்கா, ப்ளீஸ். அப்புறமா..."

"அப்புறம்னு ஒண்ணு ஒனக்கும் இல்ல எனக்கும் இல்ல. எனக்கு மனசில்லன்னு எழுதச் சொல்லு, அதுல கையெழுத்துப் போடுறேன்."

எழுந்து வெளியே வந்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள். பஸ் நிற்கிற இடம், டூரிஸ்ட் கூட்டம், சோளம் சுடுகிறவன், எல்லோருக்கும் நடுவில் என் கன்னத்தில் அறைந்தாள். நாற்பது வயதில்.

"எம் புள்ளையக் கொன்னுட்டடி."

நான் திருப்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "நானும் ஒம் புள்ளதான்" என்றேன், அது மட்டும் நினைவிருக்கிறது. சோளக்காரன் கரியை விசிறுவதை நிறுத்திவிட்டான்.

கூக்கால் பஸ்ஸில் அவள் முன்சீட்டில், நான் பின்சீட்டில். இரண்டு பேரும் ஒரே ஊரில் இறங்கி வேறு வேறு பக்கம் நடந்தோம்.

மார்ச் 25

கன்னம் வீங்கவில்லை. வீங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 6

வேல்விழியிடம் அம்மாவுக்குச் சோறு கொடுத்தனுப்பினேன். தட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கூலிக்கு வருகிற முருகேஸ்வரி மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு போகும்போது காதோரம், "நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் அக்கா, அஞ்சு வருசம் முன்னாடி. எங்கண்ணமாரு ஒரு சேல எடுத்துக் குடுத்தாய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நின்று பேசவில்லை.

ஏப்ரல் 27

ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். கோகுல் முதலில் கேஸ் போடுவேன் என்றான். மதுரைக்காரர் கேஸ் உள்ள நிலம் வேண்டாம் என்றதும் அடங்கிவிட்டான். பாகம் பிரிப்பது என்று முடிவு. ஏரி தெரிகிற பக்கம், வண்டி வருகிற பக்கம் அம்மாவுக்கும் கோகுலுக்கும். எனக்கு அடிப்பாகம். பள்ளம், பாதை கிடையாது, காட்டுமாடு இறங்குகிற பக்கம். "வெளையுற எடந்தான ஒனக்கு வேணும்" என்றார் ஒருவர்.

ஆமாம். சரி என்றேன்.

மே 16

பதிவு முடிந்தது. அன்றைக்கே அம்மா தன் பங்கைக் கோகுலுக்கு எழுதிக் கொடுத்தாள். அவள் பத்திரத்திலும் அந்த வார்த்தை இருந்திருக்கும். அவளுக்கு அது பொய்யில்லை.

"ஒனக்குன்னு கொஞ்சமாவது வச்சுக்கம்மா" என்று சொன்னேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசின வார்த்தை. அவள் என்னைத் தாண்டி நடந்தாள்.

ஜூன் 10

அடிப்பாகத்தில் பூண்டு ஊன்றுகிறேன். மேலே, மதுரைக்காரர் வாங்கின பக்கத்தில் ஜேசிபி. நான் சாணி போட்டு ஆளாக்கின மேல்மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. கருப்பு மண். பார்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இவர் கம்பு ஊன்றி நடக்கிறார். காட்டுமாடு முட்டினதற்கு அரசாங்கம் தருகிற பணத்துக்கு மனுக் கொடுத்தோம், வந்தது, அதில் கம்மலைத் திருப்பவில்லை, வேல்விழிக்குக் கட்டிவிட்டோம். கொடைக்கானலிலேயே பி.காம். தினமும் முதல் பஸ்ஸில் போய் வருவாள். இவர் ஏரி ரோட்டில் ஒரு சாக்கை விரித்து டூரிஸ்ட்டுக்குக் கேரட் கட்டு விற்கிறார். ஸ்டியரிங் பிடித்த மனுஷன் கட்டுக்கு விலை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வந்தால் ஒன்றும் பேசுவதில்லை. இன்றைக்கு மட்டும், "அந்தக் கார்க்காரன் கேரட்ட மண்ணோட கடிச்சுட்டான்டி" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 19

சுகன்யா பேசினாள். ஃபிளாட்டை பேங்க் எடுத்துக்கொண்டது. நிலம் விற்ற பணம்? அவள் சொன்ன மாதிரியே. அவள் குழந்தையோடு வத்தலக்குண்டில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள், ஒரு ஸ்கூலில் கணக்கு எழுதப் போகிறாள். கோகுல் பெங்களூரில் இருக்கிறானாம். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது.

"நீங்களாச்சும் போடல அண்ணி" என்றாள்.

ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. யாரை ஜெயித்தேன்?

செப்டம்பர் 2

அம்மா வீட்டில் இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை. கரண்ட் பில் கட்டவில்லை. மார்ச் வரைக்கும் நான் கட்டினேன். அதற்குப் பிறகு கோகுல் கட்டுகிறான் என்று வேல்விழியிடம் சொல்லியனுப்பினாள்.

இன்றைக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். ஆத்திரத்தோடுதான் கட்டினேன். அவளுக்காகவா? அப்பா வீடு இருட்டாகக் கிடந்தால் எனக்கு ஆகவில்லை. விளக்கு எரிந்ததும் அவள் வெளியே வந்து என் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 21

முருகேஸ்வரி சொல்கிறாள், அம்மா மேலே காட்டேஜ் கட்டுகிற இடத்தில் போய்க் கல் சுமக்க ஆள் வேண்டுமா என்று கேட்டாளாம். வயசாயிருச்சு பாட்டி, போங்க என்று அனுப்பிவிட்டார்களாம். எந்த இடத்தில் போய்க் கேட்டிருக்கிறாள்! அவள் எழுதிக் கொடுத்த பங்கு அது. அவளுடைய சொந்த மண்.

இதற்கு யார் மேல் கோபப்படுவது?

அக்டோபர் 6

பூண்டு பறிப்பு. என் பேரில் உள்ள நிலத்தில் முதல் விளைச்சல். பனி கொஞ்சம், மழை கொஞ்சம், ஒரு ஓரத்தில் மாடு மிதித்தது போக மற்றதெல்லாம் நல்ல காய். முருகேஸ்வரியும் இன்னும் சில பெண்களும் கூலிக்கு வந்தார்கள்.

எட்டு மணி இருக்கும். அம்மா வந்தாள். தலையில் துண்டு, கையில் அரிவாள், தூக்குவாளி. என்னிடம் வரவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் கடைசியில் போய் உட்கார்ந்து பூண்டுத் தாளை அறுக்க ஆரம்பித்தாள். முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பாத்திக்குப் போய்விட்டேன்.

அவள் கை இன்னும் வேகம்தான். அவள்தான் எனக்குப் பழக்கினது.

மத்தியானம் எல்லோருக்கும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தேன். அவள் தூக்குவாளியைத் திறந்து அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பழைய சோற்றைத் தின்றாள். ஒரு கரண்டி குழம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். வாளியை மூடிவிட்டாள். கத்த வேண்டும் போல வந்தது. என்னோடதுன்னா வாயில வைக்க மாட்டியா, அம்புட்டு வேத்தாளா நானு! கரண்டியைத் திரும்பச் சட்டியில் போட்டேன்.

சாயங்காலம் கூலி கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். கடைசியில் அவள் எழுந்து வந்து, மற்றவர்கள் மாதிரியே கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கப் பூண்டுச் சாறு, மண். முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

கூட வைக்க நினைத்தேன். வைத்தால் திருப்பித் தந்துவிடுவாள் என்று தெரியும். எல்லோருக்கும் கொடுத்ததையே கொடுத்தேன். அவள் நின்று எண்ணிப் பார்த்தாள், என் முன்னாலேயே. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்குச் சோலி இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா. வெள்ளனே வா."